கலாசாலை வகுப்பில் விளையாட்டு

(நமது சங்க மண்டபத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து தாம்பூலம் வழங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் எம்மை ஓரமாக அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்டார். அவருடைய குமாரத்தி எமது வகுப்பில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். “ஐயா, பெண்ணின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பத்து நாட்களாக அதில் ஒரு வரி இல்லை. என்னம்மா என்றால், ‘வகுப்பில் புளியங்கொட்டை வைத்து விளையாடினோம் அப்பா’ என்கிறாள். சங்கம் கொடுத்த உபகாரப் பணத்தோடு என் கடைப் பணத்தையும் சேர்த்துச் சம்பளம் கட்டியது இதற்குத்தானா?” என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது. கோபமாயிருந்தால் எமக்கு விடை கூறுதல் எளிதாயிருந்திருக்கும்.

அவர் கேட்டது முற்றும் நியாயமான கேள்வி. அவர் வீட்டில் கலாசாலைப் படியேறிய முதற்பிள்ளை இப்பெண்தான். கேள்வி ஒருவருடையதாயினும் மனத்தில் வைத்திருப்போர் பலராயிருத்தல் கூடுமென்று கருதிக் காரியதரிசியவர்களிடம் அனுமதி பெற்று இன்று உங்கள் முன் நிற்கின்றோம். கேட்டவரும் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்ளுகின்றோம். பன்னிரண்டு ஆண்டுகள் யாம் விளையாட்டு எதுவுமின்றியே போதித்தோம். கரும்பலகையில் தேவைக் கோடு ஒன்று, அளிப்புக் கோடு ஒன்று. இரண்டும் வெட்டுமிடத்தில் ஒரு புள்ளி. ‘அதுவே சமநிலை விலை’ என்று உரைப்போம். அறுபது தலைகள் குனியும், அறுபது பேனாக்கள் ஓடும். சந்தேகம் உண்டா என்று கேட்டால் மௌனம். இம்மாணவர்கள் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாதிப்பேர் பத்து வயது முதல் தகப்பனாரின் கடையிலோ தோட்டத்திலோ நின்றவர்கள். மழை பெய்தால் மறுநாள் காய்கறி விலை எவ்வளவு ஏறும், எந்த வாடிக்கைக்காரர் கடனைத் திருப்புவார், எவர் திருப்பார் என்பவையெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆயினும் அவ்விஷயமே வகுப்பில் வரும்போது அவர்கள் ஊமையராயினர். பலகையில் உள்ள கோடும் தம் வீட்டுத் தராசும் ஒன்றே என்பதை அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. காட்டவேண்டியவர் யாமே.

இதற்கு மருந்து எம்முடைய கண்டுபிடிப்பன்று. அமெரிக்க தேசத்து ஹார்வர்ட் சர்வகலாசாலையில் எட்வர்ட் சேம்பர்லின் என்னும் பொருளாதாரப் பேராசிரியர் தம் மாணவர்களையே வாங்குவோராகவும் விற்போராகவும் பிரித்து வகுப்பறையையே சந்தையாக்கினார். நாற்பத்தாறு முறை அவ்வாறு நடத்தி, கண்டதை 1948-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். யாம் அவ்வாட்டத்தை வெங்காயச் சந்தையாக்கிக்கொண்டோம். அது நடக்கும் விதத்தைச் சிறிது விரிவாகவே சொல்லுகின்றோம்; வியாபாரிகள் நிறைந்த இச்சபைக்கு இது சலிப்பாயிராது.

பத்துப்பேர் ஒரு சந்தை. ஐவர் விற்போர், ஐவர் வாங்குவோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. அதைப் பிறருக்குக் காட்டலாகாது. விற்போர் சீட்டுகளில் ஒரு கிலோ வெங்காயத்தின் அடக்கவிலை முறையே 20, 30, 40, 50, 60 ரூபாய் என்றிருக்கும். அதற்குக் குறைத்து விற்கலாகாது. வாங்குவோர் சீட்டுகளில் 80, 70, 60, 50, 40 ரூபாய். அவர்கள் மறுவிற்பனையில் பெறப்போகும் தொகை அது. அதற்கு மேல் கொடுக்கலாகாது. பேசி முடித்த விலைக்கும் சீட்டிலுள்ள தொகைக்கும் இடையேயுள்ள வித்தியாசம் அவரவர் லாபம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கிலோதான்.

முதல் நாள் சேம்பர்லின் முறை. மாணவர்கள் வகுப்பு முழுவதும் அலைந்து இருவர் இருவராகத் தனித்துப் பேரம் பேசவேண்டும். ஒரு ஜோடி பேசும் விலை மற்றொரு ஜோடிக்குத் தெரியாது. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் கைகோத்து விரல் பிடித்து விலை பேசுவார்களல்லவா? அதுவேதான். அன்று ஒரு சந்தையில் நடந்தது இது: 80 ரூபாய்ச் சீட்டுக்காரர் 60 ரூபாய் அடக்கக்காரரிடம் 70-க்கு வாங்கினார், 70, 50-இடம் 60-க்கு, 60, 40-இடம் 50-க்கு, 50, 30-இடம் 40-க்கு, 40, 20-இடம் 30-க்கு. ஐந்து வியாபாரம். ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. எங்கும் சிரிப்பு, சந்தடி. ஒவ்வொரு வியாபாரத்திலும் இருவருக்கும் சேர்ந்து இருபது ரூபாய் லாபம். ஆக மொத்தம் நூறு ரூபாய்.

மறுநாள் வெர்னன் ஸ்மித் முறை. இவர் ஹார்வர்டில் சேம்பர்லினிடம் மாணவராயிருந்து அவ்வாட்டத்தில் தாமே கலந்துகொண்டவர். பின்னர்ப் பர்டியூ சர்வகலாசாலையில் ஆசிரியரானபோது 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் தம் வகுப்பில் அதே ஆட்டத்தை இரண்டு மாறுதல்களோடு நடத்தினார். கேட்கும் விலையையும் கொடுக்கும் விலையையும் எல்லார் காதிலும் விழும்படி உரக்கக் கூறவேண்டும் என்பது ஒன்று. அதே சீட்டுகளோடு மறுநாட் சந்தை, அதற்கு மறுநாட் சந்தை எனப் பலமுறை நடத்தவேண்டும் என்பது மற்றொன்று. விலை விரைவாகச் சமநிலைப் புள்ளியை நெருங்கக் கண்டு அவரே வியந்தார். இவ்வழியில் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்கு அவருக்கு 2002-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் கிடைத்தது.

எமது வகுப்பிலும் மூன்றாம் சுற்றில் விலை ஐம்பது ரூபாயில் வந்து நின்றது. 20, 30, 40 அடக்கக்காரர் விற்றனர். 80, 70, 60 சீட்டுக்காரர் வாங்கினர். ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்காரர் இருவரும் லாபமின்றிக் கைகொடுத்தாலுண்டு, இன்றேல் இல்லை. அறுபது ரூபாய் அடக்கக்காரரும் நாற்பது ரூபாய் வாங்குவோரும் வெறுங்கையோடு நின்றனர். மொத்த லாபம் எவ்வளவு என்று கூட்டச் சொன்னோம். நூற்றிருபது ரூபாய்! வியாபாரம் குறைந்தது, லாபம் கூடியது. ‘எப்படி ஐயா?’ என்று இருபது பேர் ஒருமிக்கக் கேட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளில் எம்மை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. சேம்பர்லினுடைய தனிப்பேரச் சந்தைகளிலும் வியாபார எண்ணிக்கை கணக்குப்படி இருக்கவேண்டியதற்குப் பெரும்பாலும் கூடுதலாகவே இருந்தது என்பதை அப்பொழுது கூறினோம்.

அச்சமயம் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தான். பெரம்பலூர்ப் பக்கத்தவன். அதுவரை வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதைத் தவிர வேறு சொல் அவன் வாயில் யாம் கேட்டதில்லை. அவன் சொன்னான்: “ஐயா, என் சீட்டு அறுபது. நேற்றுப் பத்து ரூபாய் லாபம் கிடைத்தது. இன்று மூன்று சந்தையிலும் மூட்டையோடு திரும்பினேன். இரண்டாவது சந்தைதான் சிறந்தது என்று புத்தகம் சொல்லுமா? எங்கள் அப்பாவும் அறுபது ரூபாய்ச் சீட்டுத்தான். கிணறு வற்றிப்போயிற்று. லாரித் தண்ணீர் வாங்கி வெங்காயத்துக்குப் பாய்ச்சுகிறார்.”

வகுப்பு அடங்கிவிட்டது. பிறகு பேசத் தொடங்கினார்கள். யாம் ஓரமாக நின்றோம். அவன் தகப்பனார் வேறு பயிர் வைக்கட்டும் என்றான் ஒருவன். கடன் அடையுமுன் எப்படி மாற்றுவது என்றான் மற்றொருவன். அந்த ஐம்பது ரூபாய்ச் சீட்டுக்காரரும் ஒரு மழை தவறினால் அறுபது ஆகிவிடுவார் என்றது ஒரு குரல். இறுதியில் நம் அங்கத்தினரின் குமாரத்தி, அதே நோட்டெழுதாத பெண், எழுந்து, “இரண்டாம் சந்தையில் இருபது ரூபாய் அதிகம் கிடைத்ததே, அதிலிருந்து பத்து ரூபாயை அவருக்குக் கொடுத்தாலும் மற்றவர்களுக்கு மிச்சமிருக்கிறதே? கிணறு வெட்டக் கொடுக்கலாமே! ஆனால் யார் வாங்கிக் கொடுப்பது?” என்றாள். நஷ்டப்பட்டோர்க்கு ஈடு செய்தல் என்னும் இவ்விஷயம் பொருளாதார சாஸ்திரத்தில் பெரியோர் பல்லாண்டு வாதித்தது. எமது பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டுக்குரியது. அவள் அதைத் தானாகவே கேட்டுவிட்டாள். நோட்டில் ஒரு வரியும் இல்லை என்பது உண்மையே; அன்று எவரும் எழுதவில்லை.

இனி எமக்கு நேர்ந்த தோல்வியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதன்முதல் இவ்வாட்டத்தை நடத்திய ஆண்டில் ஆட்டம் முடியவும் மணி அடிக்கவும் சரியாயிருந்தது. பேசுவதற்கு நேரம் வைக்கவில்லை. மறுநாள் வேறு பாடத்துக்குப் போய்விட்டோம். பரீக்ஷை விடைத்தாளில், ‘இவ்விளையாட்டால் நீ அறிந்தது யாது?’ என்ற வினாவுக்கு ஒரு பிள்ளை, ‘அடக்கவிலையைக் கூட்டிச் சொல்லுகிறவனே பிழைப்பான்’ என்று எழுதியிருந்தான். அவன்மீது தவறில்லை. யாம் ஆடவிட்டோம், கேட்கவில்லை, அவன் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனான்.

இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மோனோபோலி என்னும் பலகை ஆட்டம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மனை வாங்கி, வீடு கட்டி, வாடகை பிடுங்கி, மற்றவரைத் தெருவில் நிறுத்துபவனே அதில் வென்றவன். அதன் மூலம் எலிசபெத் மேகி என்னும் அமெரிக்க மாது இயற்றி 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’. நில வாடகை ஒரு கையில் குவிந்தால் மற்றவர் எவ்வாறு நலிவார் என்பதைக் காட்டிக் கண்டிப்பதே அம்மாதின் கருத்து. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் வார்ட்டன் பள்ளியில் ஸ்காட் நியரிங் என்ற ஆசிரியர் தம் மாணவர்களுக்கு அதைக்கொண்டே பாடம் நடத்தினார். மாணவர்கள் தாங்களே துணியிலும் பலகையிலும் கோடிழுத்து வேற்றூர்களுக்கும் வேறு கலாசாலைகளுக்கும் கொண்டுசென்றனர். கைமாறக் கைமாற ஆசிரியர் இல்லை. ஆட்டம் மட்டும் இருந்தது. 1935-இல் ஒரு கம்பெனி அதனை மோனோபோலியென விற்பனைக்கு வெளியிட்டபோது, கண்டிக்க வந்த காரியமே ஆசைப்படத்தக்க காரியமாகிவிட்டது. பலகை பெரும்பாலும் அதே பலகைதான். அதுமுதல் எமது வகுப்பில் இருபது நிமிஷம் ஆட்டமென்றால் முப்பது நிமிஷம் பேச்சு என்று விதி செய்துகொண்டோம்.

புளியங்கொட்டை விஷயத்துக்கு வருவோம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பாரெஸ்டர் என்பாரும் அவர் கூட்டத்தாரும் சுமார் 1960-ஆம் ஆண்டளவில் அமைத்த ஆட்டம் அது. அதன் பெயரும் அதிற் கைமாறும் சரக்கும் பீர் என்னும் மதுவே. நம் சபையில் அப்பெயரோடு அதனை நடத்தினால் யாம் வீடு திரும்புவது கஷ்டம்; ஆதலின் சோப்புக் கட்டியாக்கிக்கொண்டோம். நால்வர் ஒரு வரிசை: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, ஏஜெண்டு, ஆலைக்காரர். ஒரு புளியங்கொட்டை ஒரு பெட்டி சோப்பு. வாரந்தோறும் கடைக்காரர் வாடிக்கையின் தேவைச் சீட்டை எடுத்துப் பார்த்துச் சரக்குக் கொடுப்பார். தமக்கு வேண்டியதைச் சீட்டெழுதி மேலே அனுப்புவார். மேலேயுள்ளவரும் அவ்வாறே. சீட்டுப் போய்ச் சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். நால்வரும் ஒருவரோடொருவர் பேசலாகாது. இருப்பு மிகுந்தால் பெட்டிக்கு அரை ரூபாய் செலவு. சரக்கில்லாது பாக்கி விழுந்தால் ஒரு ரூபாய் தண்டம்.

பத்தாவது வாரத்துக்குள் கடையில் சரக்கு அற்றுப்போகும். கடைக்காரர் பயந்து இருமடங்கு கேட்பார். மொத்த வியாபாரி அதைக் கண்டு மும்மடங்கு கேட்பார். ஆலைக்காரர் தலையில் மலை விழும். சில வாரங்கழித்து எல்லாம் ஒருசேர வந்து குவியும். புளியங்கொட்டைகள் மேசையிலிருந்து உருண்டோடும். முகங்கள் சிவக்கும். ‘கடைக்காரன் பைத்தியம்’ என்பார் ஆலைக்காரர். ‘ஏஜெண்டு பதுக்கிவிட்டான்’ என்பார் கடைக்காரர். ஆட்டம் முடிந்ததும் கடைக்காரர் தவிர்த்த மூவரையும், வாடிக்கையின் தேவை எவ்வாறு இருந்தது என்று கோடு வரையச் சொல்வோம். மலையும் மடுவுமாக வரைவார்கள். பிறகு தேவைச் சீட்டுகளை மேசைமேல் வரிசையாய் வைப்போம். முதல் நான்கு வாரம் நான்கு நான்கு பெட்டி. ஐந்தாம் வாரமுதல் எட்டு. கடைசிவரை எட்டேதான். அவ்வளவே. வாடிக்கை ஒருமுறை மாறியது. மற்ற அல்லோலகல்லோலமெல்லாம் நால்வர் தாமே செய்துகொண்டது. வேறு நால்வரை உட்காரவைத்தாலும் பெரும்பாலும் இப்படியே ஆகின்றது. ஆகையால் குற்றம் ஆளிடத்தில் அன்று, சீட்டு ஏறிச் சரக்கு இறங்கும் கால தாமதத்திலும் ஒருவர் இருப்பை மற்றவர் அறியாமையிலும் இருக்கின்றது என்பதை ஒரு வாரம் பிரசங்கம் செய்தாலும் இவ்வளவு உறைக்கும்படி எம்மால் சொல்ல முடியாது.

அப்பெண் அன்று ஆலைக்காரர். ஆட்டம் முடிந்து வெகுநேரம் அச்சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தகப்பனார் 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் சரக்கு வராமற் போனதுபற்றித் தம் ஏஜெண்டோடு சச்சரவிட்டு அன்றுமுதல் பேச்சுவார்த்தையே இல்லாதிருப்பவர். இதனை அவர் அனுமதி பெற்றே இங்கே கூறுகின்றோம். மகள் வீட்டில் அந்த ஆண்டின் சரக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தகப்பனார் எழுதிய ஆர்டர்களை வாரவாரியாகக் கோடு வரைந்து காட்டினாளாம். ஏப்ரலில் மலை, ஜூலையில் மடு. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடி வைத்தாராம். ஏஜெண்டிடம் பேசினாரா என்பதை யாம் கேட்கவில்லை.

‘நோட்டில் ஒன்றுமில்லையே, பிள்ளை கற்றதை எப்படி அறிவது?’ என்பீர்களாயின், அதையும் அளந்து பார்த்திருக்கின்றார்கள். மாணவர் வெறுமனே கேட்டிராமல் தாமே ஈடுபட்டுச் செய்யும் வகுப்புகளையும் பிரசங்க வகுப்புகளையும் ஒப்பிட்ட 225 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2014-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பிரசங்க வகுப்பில் தேறாதவர் சராசரி நூற்றுக்கு 33.8, மற்றதில் 21.8. அவை விஞ்ஞான, கணித, பொறியியல் வகுப்புகள். விளையாட்டு மட்டுமன்று, பலவித முறைகளும் அதில் அடக்கம். ஆதலின் அவ்வெண்களை எம் புளியங்கொட்டைக்கு அப்படியே உரிமை கொண்டாட மாட்டோம். 2019-இல் ஹார்வர்ட் பௌதிக வகுப்புகளில் செய்த மற்றொரு சோதனை இச்சபைக்கு அதிகம் பொருந்தும். தாமே முயன்று கற்ற மாணவர் சோதனையில் கூடுதலாக மதிப்பெண் பெற்றனர். ஆனால் எவ்வளவு கற்றீர்கள் என்று கேட்டபோது, நல்ல பிரசங்கம் கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாகக் கூறினர். சரளமாய்க் காதில் விழுந்ததும் நிரம்ப எழுதியதும் கற்றதாகத் தோன்றுகின்றன. திணறித் தடுமாறியது கல்லாததாகத் தோன்றுகின்றது. பிள்ளைகளுக்கே அப்படித் தோன்றுமானால் நோட்டைப் புரட்டும் தகப்பனாருக்குத் தோன்றுவதில் வியப்பென்ன?

எல்லாப் பாடத்தையும் ஆட்டமாக்கலாம் என்று யாம் சொல்லவில்லை. கணக்குப்பதிவில் பேரேடு எழுதும் பழக்கம் எழுதியெழுதியே வரவேண்டும். கம்பெனிச் சட்டத்தைப் படித்தே தீரவேண்டும். ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்களுக்கு மேல் எமக்கு நேரமில்லை. பல்கலைக்கழகப் பரீக்ஷையோ இவற்றைக் கேட்பதில்லை. அதற்குரிய பாடத்தை மீதி நாட்களில் விரைந்து முடிக்கவேண்டியிருக்கின்றது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சந்தடி தாங்காமல் இருமுறை கதவைத் தட்டிவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் ஆட்டத்தை விரும்புவதே இல்லை. மனப்பாடம் செய்து முதலிடம் பெறுகிறவர்க்கு இதில் முதலிடம் நிச்சயமில்லை. ஆட்ட வெற்றிக்கு யாம் மதிப்பெண் கொடுப்பதில்லை. அறுபது ரூபாய்ச் சீட்டுக் கிடைத்தது அப்பிள்ளையின் குற்றமன்றே.

காரியதரிசியவர்கள் கடிகாரத்தைக் காட்டுகின்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இம்மண்டபத்திலேயே அவ்வெங்காயச் சந்தையைப் பெரியோர்களைக்கொண்டு நடத்த நிர்வாகக் குழு அனுமதி கொடுத்திருக்கின்றது. சீட்டுகளை மாணவர் விடுதிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். முதல் நான்கு வரிசையிலுள்ளவர்கள் அவசியம் வரவேண்டும். பேசி முடியச் சற்று நேரமாகும், ஆதலின் காபிக்கும் ஏற்பாடு செய்திருக்கின்றோம். சீட்டுகளைக் குலுக்கியே எடுக்கவேண்டுமென்று விதி இருந்தாலும், மூன்றாம் வரிசையிலுள்ள நம் அங்கத்தினர் தமக்கு அறுபது ரூபாய்ச் சீட்டே வேண்டுமென்று மகள் வாயிலாக இன்று காலையில் சொல்லியனுப்பியிருக்கின்றார். கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றோம்.